மூணாவது மானிட்டர்

இல்ல சார், விக்கறதா இல்ல. எத்தன தடவ கேட்டாலும் அதான். அந்தப் பொட்டிய எறக்கி வைங்க. பில் போடற பொண்ணுகிட்ட நீட்டாதீங்க, அவளும் போட மாட்டா. கடை என்னுது. யாருக்கு எத விக்கறதுன்னு நான்தான முடிவு பண்ணணும்?

கோவம்தான். கோவம் இல்லாம என்ன. நாலு மாசம் முன்னாடி வந்தீங்க. பையனுக்குப் பதிமூணு வயசு, கேம் வெளையாடறான், நல்லதா ஒரு மானிட்டர் குடுங்கன்னீங்க. மேசை எவ்ளோன்னு கேட்டேன், தெரியலன்னீங்க. வீட்டுக்கு ஃபோன் பண்ணி அளக்கச் சொன்னோம், ஞாபகம் இருக்கா? உங்க வீட்டம்மா டேப் கெடைக்காம பையனோட ஸ்கேல வச்சு அளந்து சொன்னாங்க. செவுத்துலேந்து ரெண்டடி. ரெண்டடி தள்ளி ஒக்காந்தா இருபத்திநாலு இஞ்சு, ஃபுல் ஹெச்டி, போதும். மேல ஓரத்துல மேப், கீழ ஓரத்துல எத்தன குண்டு மிச்சம்னு காட்டற எண்ணு, எல்லாம் கழுத்தத் திருப்பாம ஒரே பார்வைல தெரியணும். இத்தனையும் சொல்லித்தான் குடுத்தேன்.

ஒரே மாசம். திரும்ப வந்து நின்னீங்க. எழுத்து தெளிவா இல்லையாம், பெருசு வேணுமாம். சரின்னு இருபத்தேழு குடுத்தேன். அந்த அளவுல ஃபுல் ஹெச்டி போட்டா புள்ளி புள்ளியாத் தெரியும், புள்ளி இன்னும் நெருக்கமா இருக்கற டூ-கே எடுங்கன்னேன், எடுத்தீங்க. இப்ப அதுவும் பத்தல. முப்பத்திரண்டு, ஃபோர்-கே.

அந்த ஃபோர்-கேன்னா என்னன்னு சொல்லுங்க பாப்போம். பரவால்ல, கேக்கற பத்துப் பேர்ல ஒம்போது பேருக்குத் தெரியாது. மொதல்ல குடுத்தேனே, அதுல இருக்கற மாதிரி நாலு மடங்கு புள்ளி. அத்தனையையும் செகண்டுக்கு அறுபது தடவ வரைஞ்சு தள்ளணும், கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற கிராஃபிக்ஸ் கார்டு. உங்க பையன் வச்சிருக்கற கார்டுக்கு மூச்சு வாங்கும். யானைய வாங்கிட்டுத் தீனிக்கு அலையற கதை. அப்பறம் படம் திக்குதுன்னு நாலாவது தடவ வருவீங்க.

பக்கத்து வீட்டுல வச்சிருக்காங்கன்னு சொல்லாதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும். இங்க வர்ற ஆளுங்க பாசத்த இஞ்சுலதான் அளக்கறாங்க. மாமன் முப்பத்திநாலு வாங்கிக் குடுத்தா அப்பன் நாப்பது கேக்கறான். போன வாரம் ஒருத்தர், ஏழு வயசுப் பொண்ணுக்கு நாப்பத்தொம்பது இஞ்சு வளைஞ்ச ஸ்க்ரீன் கேட்டாரு. கொழந்தை அவ்ளோ நீளம்தான் இருக்கும் சார். படுக்க வைக்கவான்னு கேட்டேன், மொறச்சுட்டுப் போயிட்டாரு.

சரி, அத விடுங்க. பையன் என்ன சொல்றான்? நீங்க நெனைக்கறது வேண்டாம், அவன் சொன்னத அப்படியே சொல்லுங்க.

ம். எழுத்துக்குப் பின்னால நெழல். ரெண்டு மானிட்டர்லயுமா? ரெண்டுலயும்.

நீங்க திருப்பிக் குடுத்த இருபத்திநாலு எங்கன்னு பாருங்க. இதோ, இந்தக் கவுண்டர்ல. மூணு மாசமா நான் கணக்குப் பாக்கறது இதுலதான். இப்படி வந்து நின்னு பாருங்க. நெழல் தெரியுதா? தெரியாது. எனக்கும் தெரியல.

பையன் கண்ணக் கசக்குவானா? அடிக்கடியா? தூசின்னு நெனச்சீங்க, சரி. ஸ்கூல்ல போர்டு தெரியுதான்னு கேட்டிருக்கீங்களா? கேக்கல. தலைய ஒரு பக்கமா சாச்சுப் பாப்பானா? ஸ்டைல்னு விட்டுட்டீங்களாக்கும். பெத்தவங்களுக்குக் கண்ணு எங்க இருக்குன்னே தெரியல.

என்ன, எதிர்க்கடைக்கா? போங்க. தாராளமாக் குடுப்பான், அவனுக்கு என்ன. மூணு வருஷம் வாரன்டியும் தருவான். வாரன்டி மானிட்டருக்கு மட்டுந்தான் சார்.

இருங்க. ஒக்காருங்க ஒரு நிமிஷம். சத்தம் போட்டது தப்புதான், ஒத்துக்கறேன்.

இந்தக் கார்ட வச்சுக்கோங்க. கண் டாக்டர். ஆறு மணி வரைக்கும் இருப்பாரு. ஸ்கூல் விட்டதும் நேரா கூட்டிட்டுப் போங்க. வெறும் கண்ணாடி டெஸ்ட்டோட வந்துடாதீங்க, கருவிழியப் படம் எடுக்க ஒரு மிஷின் இருக்கு, அதுல பாருங்கன்னு நீங்களே கேளுங்க. ஒண்ணும் இல்லன்னு வந்தா இந்த முப்பத்திரண்ட நானே கொண்டாந்து மாட்டித் தர்றேன்.

எனக்கு எப்படித் தெரியும்னா, என் பொண்ணும் நெழல்னுதான் சொன்னா. பன்னண்டு வயசு அப்ப. எழுத்துக்குப் பின்னால இன்னொரு எழுத்து நிக்குதும்மான்னா. நான் கேபிள மாத்தினேன். ஷார்ப்னெஸ்ஸக் கொறச்சேன். இருபத்திநாலத் தூக்கிட்டு இருபத்தேழு வச்சேன், அதத் தூக்கிட்டு முப்பத்திரண்டு, ஃபோர்-கே, கார்டோட சேத்து. அப்பவும் நெழல்னா. இவ்ளோ பண்ணியும் ஒனக்குப் பத்தலையாடின்னு ஒரு அறை விட்டேன். அவங்கப்பா கண்ண ஒரு தடவ காட்டலாமேன்னாரு. பதினாறு வருஷமா ஸ்க்ரீன் விக்கறவளுக்கு நீங்க சொல்லித் தர்றீங்களான்னு வாய அடைச்சுட்டேன். அப்படியே ஒரு வருஷம் போனப்பறம்தான் டாக்டர்கிட்ட காட்டினேன். கருவிழி மெலிஞ்சு மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னால வந்திருக்கு. டாக்டர் என்னத் திட்டக்கூட இல்ல. ஒரு வருஷம் முன்னாடின்னா அங்கயே நிறுத்தியிருக்கலாம்மான்னாரு, அவ்ளோதான். வலது கண்ணுல அதுக்கு மேல போகாம நிறுத்திட்டாங்க. எடது கண்ணால, பக்கத்துல கைய நீட்டினா எத்தன விரல்னு மட்டும் சொல்லுவா.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து மூணு மானிட்டரையும் வரிசையா வச்சு ஓட்டிப் பாத்தேன் சார். ஒண்ணுலயும் ஒரு கொறையும் இல்ல. மூணுமே நல்ல மானிட்டர்.