ஒற்றை ஷூ கடைக்கு வந்த பதில்

அவைக்கு அழகும் சங்கத்துக்கு அரணுமாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! கடை வைத்துக் களம் கண்ட பெரியோர்களே! வீட்டையும் வியாபாரத்தையும் இரு தோளில் சுமக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் வீட்டுக்காரரே! அனைவருக்கும் இந்த ஒற்றை ஷூ கடைக்காரியின் வணக்கம்.

மணியில் கை வைக்காதீர்கள், தலைவரே! வணக்கத்தை நீட்டினால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவள் நான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

விபத்தில் என் கணவருக்கு வலது கால் போயிற்று. ஊன்றுகோல் வந்தது, தெம்பும் வந்தது. ஆனால் ஷூ வாங்கப் போனால்? இரண்டாகத்தான் தருவார்கள்! இடது ஷூ தேயும். வலது ஷூ பெட்டிக்குள் புதுசாகத் தூங்கும். கட்டிலுக்கடியில் ஆறு பெட்டி சேர்ந்தது. ஒருநாள் சொன்னார்: "இனிமே எனக்கு ஷூ வாங்காத. அந்தப் பெட்டிங்களப் பாத்தாலே என்னவோ பண்ணுது." அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஒற்றை ஷூ விற்கும் கடையை நானே திறந்தேன்!

திறந்தேனே தவிர, தேறினேனா? இடது விற்றால் வலது மிஞ்சியது, வலது விற்றால் இடது மிஞ்சியது. கட்டிலுக்கடியில் ஆறாக இருந்த பெட்டி கடையில் அறுபதாயிற்று! யாரிடம் யோசனை கேட்பது? ஊரில் இப்படியொரு கடையே கிடையாதே! வெளிநாட்டில் மூன்று பேர் நடத்துகிறார்கள் என்று தெரிந்தது. அவர்களுக்கே எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

"அவங்கல்லாம் நமக்குப் பதில் போடுவாங்களா? மாசக் கடைசி வரைக்கும் பாரு. இல்லன்னா மூடிரலாம்" என்றார் இவர்.

எழுதினேன் ஐயா, எழுதினேன்! "தொழில் வானின் விடிவெள்ளியே" என்று தொடங்கி மூன்று பக்கம்! ஒருவரும் பதில் போடவில்லை. மொழிபெயர்த்துத் தந்த என் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, மூணு பக்கத்துல ஒரு கேள்விகூட இல்லையே! பாவம், அவங்க எதுக்குப் பதில் சொல்வாங்க?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள்! நானும் சிரித்துவிட்டுத்தான் மறுபடி எழுதினேன். நான்கே வரி. கடைசி வரியில் கேள்வி: "மிஞ்சும் ஷூவை என்ன செய்கிறீர்கள்?"

மறுநாளே அந்த மூவரில் ஒருவர் வீடியோவில் அழைத்தார். நரைத்த மீசை, முதுகுக்குப் பின்னால் கூரைவரை பெட்டிகள். தங்கை நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள்.

"முதல்ல ஷூவை வாங்காதீங்கம்மா, ஆளைத் தேடுங்க. ஒரே அளவுல இடது கால்காரர் ஒருத்தர், வலது கால்காரர் ஒருத்தர். ரெண்டு பேரும் கிடைச்சப்புறம் ஒரு ஜோடி வாங்குங்க. எதுவும் மிஞ்சாது."

"தொழில் ரகசியத்தையே சொல்றீங்களே, நான் போட்டிக்கு வந்துட்டா?"

"வாங்களேன்! உங்க தெருவுல இருக்கறவங்க ஷூ வாங்க இவ்வளவு தூரமா வரப்போறாங்க?"

அன்றே நோட்டுப் போட்டேன். முதல் பெயர் என் கணவர்: இடது கால், எட்டாம் நம்பர். வலது எட்டு யார்? தேடினேன், விசாரித்தேன், அலைந்தேன், கிடைக்கவில்லை! மாதக் கடைசியில் அந்த மீசைக்காரரையே அழைத்தேன். "அண்ணா, உங்களுக்குத் தெரிஞ்சு வலது கால், எட்டாம் நம்பர் யாராவது உண்டா?"

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவருக்கும் ஒரே கால். வலது கால்!

"எட்டுதாம்மா" என்றார்.

கடையை மூடினேனா? இன்று என் நோட்டில் முந்நூறு பெயர்கள்! கடல் தடுக்கவில்லை, மொழி தடுக்கவில்லை, என் கூச்சமும் முகஸ்துதியும்தான் தடுத்தன. தொழில் தொடங்கத் துடிக்கும் தங்கைகளே, தம்பிகளே! தொழில் தெரிந்தவரிடம் துணிந்து கேளுங்கள், சுருக்கமாகக் கேளுங்கள். நாளை உங்களிடம் யாராவது கேட்டால் அன்றைக்கே பதில் போடுங்கள்!

என்னங்க, காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க. வெக்கப்படாதீங்க! பார்த்தீர்களா, பழுப்பு நிற ஷூ? இதன் வலது ஷூ இந்நேரம் கடலுக்கு அப்பால் தன் கடையைத் திறக்க நடந்து போய்க்கொண்டிருக்கும். எங்கள் கட்டிலுக்கடியில் இப்போது ஒரு பெட்டியும் இல்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மணியடிக்காத தலைவருக்கும் நன்றி. வணக்கம்!