புகைக்கூண்டு விழுந்த வீடு

...அதில்லைத் தம்பி, நாலு நாளாப் படுக்கையறைக்குள்ளை நிண்டு வானம் பாக்கிறன், கவுன்சில் இண்டைக்குத்தான் ஆள் அனுப்புது! உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் இஞ்சினியர், அனுப்பின இடத்துக்கு வாறியள். பேர் என்ன சொன்னனீங்கள்? பாலசுப்பிரமணியனோ! அப்பாடா. இந்தியாத் தமிழெண்டாலும் தமிழ் தமிழ்தானே. தவமலர்! தேத்தண்ணி வையப்பா, வந்திருக்கிறது எங்கடை ஆள்!

சீச்சீ, சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, வீடு முழுக்கச் செங்கல் துண்டு. அண்டைக்கு அடிச்ச காத்து உங்களுக்குத் தெரியும்தானே, இந்த மிச்சம் ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கு. நான் பெற்றோல் ஷெட்டிலை நைட் ஷிப்ட். இவ தனிய. தண்ணி குடிக்கக் குசினிக்கு இறங்கி வந்திருக்கிறா, மேலை டமார் எண்டு புகைக்கூண்டு கூரையை உடைச்சுக்கொண்டு நேரை கட்டிலிலை! அண்டையிலயிருந்து மனுசி படியேறுறாவில்லை. கதிரையிலைதான் நித்திரை.

இதிலை ஒரு அநியாயத்தைக் கேளுங்கோ. பக்கத்து வீட்டு பெர்னடெற், அயர்லாந்து மனுசி, அதே வரிசை, அதே காலத்து வீடு. அவவின்ரை புகைக்கூண்டு அசையேல்லை! ஒரு ஓடு கழரேல்லை! காத்துக்கும் ஆளைப் பாத்து அடிக்கத் தெரியுது எண்டு அவவுக்கே சொன்னன். அவ சிரிக்கிறா.

நான் அரசாங்கத்திட்டைக் கை நீட்டுற ஆளில்லை. பத்மநாதன் எண்டு ஆரையும் விசாரிச்சுப் பாருங்கோ. இந்த வெள்ளைக்காரற்றை நாட்டுக்கு வந்து மூண்டு வரியம், ஒரு பெனிபிட் காசு எடுத்தனோ? இல்லை! எங்கடை சனம் சிலது வந்திறங்கின உடனை விண்ணப்பப் பாரம் எங்கை, பாரம் எங்கை எண்டு... வெக்கமா இருக்கும்.

எழுபத்தெட்டிலை மட்டக்களப்பிலை சூறாவளி அடிக்கேக்கை நான் அங்கை அரசாங்கக் கச்சேரியிலை கிளாக்கர். நிவாரணப் பாரம் முழுக்க என்ரை மேசைக்குத்தான் வரும். "ஐயா தகரம் தாங்கோ, ஐயா தகரம் தாங்கோ." ஏன், ரெண்டு கை இருக்குத்தானே? தென்னை முழுக்க விழுந்து கிடக்கு, ஓலைக்கோ பஞ்சம்? கிடுகைப் பின்னிப் போடுங்கோ எண்டு திருப்பி அனுப்பிப்போடுவன். சனம் மண்ணள்ளித் திட்டினதும் உண்டு. திட்டட்டும்!

என்ன? ஓமோம், இப்ப நான் பாரம் நிரப்பினனான்தான். அது வேறை தம்பி. அவை கேட்டது பிச்சை, நான் கேக்கிறது உரிமை. வரி கட்டுறன்தானே!

ஒளிக்காமல் சொல்லுறன். நீங்கள் "புயலாலை வந்த சேதம்" எண்டு ஒரு வரி எழுதினால் கவுன்சில் கூரை போட்டுத் தரும். எழுதாட்டி, திங்கட்கிழமைக்கு முதல் வீட்டை விட்டு வெளிக்கிடச் சொல்லிக் கதவிலை நோட்டீஸ் ஒட்டியிருக்கு. இந்தக் குளிருக்குள்ளை மனுசியைக் கூட்டிக்கொண்டு எங்கை போறது, சொல்லுங்கோ பாப்பம்?

கீழை அறையும் பாக்கவேணுமோ? வாங்கோ, வாங்கோ! இது எங்கடை சாமியறை. கும்பிடுங்கோ. எப்பிடி? முருகன் வள்ளி தெய்வானையோடை சுவரிலை ஒட்டினமாதிரி நிக்கிறார் என்ன? முந்தி இப்பிடியில்லை. சாமி கிழக்கை பாக்கவேணும், பாத்தால் இந்த மேற்குச் சுவரிலை ஒரு பெரிய செங்கல் கட்டு தள்ளிக்கொண்டு நிக்குது. வெள்ளைக்காரர் அந்தக் காலத்திலை கரி எரிச்ச அடுப்பாம். எங்களுக்கு என்னத்துக்கு? ஏப்ரலிலை, வரியப் பிறப்புக்கு முதல், ரெண்டு ஞாயிற்றுக்கிழமை, நானே இடிச்சு எடுத்தன்! மனுசி சொன்னா, ஆரும் மேசனைக் கேளுங்கோ, கவுன்சிலைக் கேளுங்கோ எண்டு. நான் ஏன் கேக்கிறன்? என்ரை வீடு, என்ரை கை, என்ரை சுத்தியல்!

மேலையும் இடிச்சனீங்களோ எண்டோ? பின்னை? சாமியின்ரை தலைக்கு மேலை கரி பிடிச்ச புகைக்குழாய் நிக்கலாமோ தம்பி? படுக்கையறையிலையும் சீலிங் வரைக்கும் அந்தக் கட்டைத் துப்புரவா எடுத்துப்போட்டன். தடவிப் பாருங்கோ பூச்சை, ஒரு மேடு பள்ளம் இருக்கோ?

என்ன, மேலை பாத்துக்கொண்டு நிக்கிறியள்? என்ன கேட்டனீங்கள்?

கூரைக்கு மேலை இருந்த புகைக்கூண்டு பிறகு எதிலை நிண்டது எண்டோ...

தவமலர், அந்தத் தேத்தண்ணியை அங்கையே வையப்பா. இப்ப உள்ளுக்கை வராதை.

தம்பி, அந்தப் பேனையை ஒருக்கா மூடுங்கோ. அது... அது தன்ரை பாட்டிலை நிண்டது. ஏப்ரலிலயிருந்து ஒக்டோபர் வரைக்கும், ஆறு மாசம்! ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் தனிய நிண்டது தம்பி.