கன்னியம்மாவாக நடித்த பெண்

ஒரு நாவலைப் படமாக எடுத்தால் யார் நடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருப்பதில் தவறு எதுவும் இல்லை சார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் கிரிக்கெட் பேசுவார்கள், அரசியல் பேசுவார்கள். நாங்கள் 'ஏரி நிறைந்த வருஷம்' பற்றிப் பேசினோம்.

நீங்கள் அதைப் படித்ததில்லை என்றீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னேரிப் பக்கத்து ஊர் ஒன்றில் கூலி வேலைக்குப் போகும் பெண் கன்னியம்மா. நிலக்காரர் வீட்டுப் பையன் அவளை விரும்புகிறான், பிறகு கைவிடுகிறான். ஏரி நிறைந்து வழியும் ஐப்பசியில் அவள் மடியில் கல்லைக் கட்டிக்கொண்டு மதகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்குகிறாள். அவன் கரைமேல் நின்று அழுகிறான். அதோடு நாவல் முடிகிறது. எழுதியவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

கல்லூரியில் படிக்கும்போது உத்திரமேரூர் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டு அழுதேன். எங்கள் குடும்பத்துக்குப் பெருநகரில் கழனி உண்டு. நடவுக்கு வருகிறவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் கன்னியம்மாவுக்காக அழுதேன். எனக்குள் ஒரு நல்ல மனிதன் இருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அழுகை வந்துவிடும்.

பிற்பாடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்தேன். கல்யாணம், காதுகுத்து என்று வீடியோ எடுப்பேன். நாவலின் வாசகர்களுக்காக வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கியதும் நான்தான். ஒரு சினிமா கம்பெனி நாவலின் உரிமையை வாங்கிவிட்டது என்று செய்தி வந்ததும் குழு சூடுபிடித்தது. வாலாஜாபாத்தில் அரிசி மில் கணக்குப் பார்க்கும் தாமோதரன், கன்னியம்மாவாகக் கேரளத்துப் பெண்தான் நடிக்க முடியும் என்பார். கண் பெரிதாக இருக்க வேண்டுமாம். பெருநகர் ஐசக் வாத்தியார் பாட்டே கூடாது என்பார். எந்த ஏரியில் எடுப்பது, எந்த மாதத்தில் எடுப்பது, நடவுக் காட்சிக்கு எங்கே போவது என்று தினமும் சண்டை. எனக்கு அது பிடித்திருந்தது. எதில் சண்டை போட்டாலும் முடிவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதை அப்படியே எடுக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்.

சோபியா வந்த பிறகுதான் அது மாறியது.

அவள் ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்தாள். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நாவலைப் படித்து முடித்ததாகச் சொன்னாள். ஐசக் வாத்தியாரிடம் படித்தவள், அவர்தான் குழுவில் சேர்த்தார். சேர்ந்த கொஞ்ச நாளில் குரல் பதிவு ஒன்றைப் போட்டாள். இன்னும் என் போனில் இருக்கிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"படத்துல கன்னியம்மா சாவக் கூடாதுங்க. ஏரியாண்ட பொறந்து வளந்தவளுக்கு நீஞ்சத் தெரியாதா? கல்லு கனமா கீதுன்னா அவுத்துப் போட்டுட்டு வருவா. அந்தப் பக்கம் ஏறி பஸ்ஸப் புடிச்சிப் போயிகினே இருப்பா. அவன் கரமேல நின்னு அழுதுகினு கெடக்கட்டும்."

பதிவு முழுக்க ஒரு சிரிப்பு இருந்தது. நான் பொறுமையாகப் பதில் எழுதினேன். கன்னியம்மாவின் சாவுதான் நாவலின் அறம் என்று விளக்கினேன். அவள் செத்தால்தான் படிக்கிறவன் மனம் மாறும் என்றேன். அதற்கு அவள், "யாரோ ஒருத்தரு மனசு மாறணும்னு அவ ஏன் சாவணும்ணா?" என்று கேட்டாள். அதற்கு நிறையப் பேர் இதயம் போட்டார்கள். தாமோதரன்கூடப் போட்டார்.

குழுவில் வசந்த்குமார் என்று ஒருவர் பேசாமல் இருந்தார். அந்தப் படத்தின் உதவி இயக்குநர். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு அந்தப் பெண் யார் என்று கேட்டார். அவள் சொன்ன முடிவை இயக்குநரிடம் சொல்லியிருக்கிறார், அவருக்கும் பிடித்திருக்கிறது. இப்போதைய காலத்துக்கு அதுதான் சரியாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்களாம்.

நான் கோபப்படவில்லை. என்னைத் தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், நான் கோபப்படுகிறவன் இல்லை. நாங்களே ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புகிறோம், கன்னியம்மா எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சரி என்றார். சோபியாவையே நடிக்கக் கேட்டேன். அவளுக்கு வெட்கம், சந்தோஷம். ஒரு நிபந்தனை போட்டாள். முடிவை இரண்டு விதமாகவும் எடுக்க வேண்டும். புத்தகத்தில் இருப்பது போல ஒன்று, அவள் சொன்னது போல ஒன்று. எது நன்றாக இருக்கிறதோ அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். நான் ஒப்புக்கொண்டேன். அது நியாயமான நிபந்தனைதான்.

முதல் நாள் அவளுடைய அக்கா ஜெனிஃபரும் வந்தாள். வீட்டில் தையல் மெஷின் வைத்துத் தைக்கிறவள். ஆள் நடமாட்டம் இல்லாத மதகுப் பக்கமாக இடம் பார்த்தோம். ஏரி நிறைந்திருந்தது. புடவை மடியில் நிஜக் கற்களை வைத்து இடுப்போடு கயிறு கட்ட வேண்டும். ஜெனிஃபர்தான் கட்டினாள். நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. இரண்டு மூன்று முறை கரையிலேயே இழுத்துப் பார்த்துத் திருப்தி ஆனபிறகுதான் தங்கையை இறங்க விட்டாள். நான் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சோபியா சாதாரணமாகச் சொன்னாள்: "எங்கம்மா ஒங்க கழனில தாண்ணா நட்டாங்க. ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது."

ஞாபகம் இல்லை. உண்மையைத்தான் சொன்னேன்.

அவள் முழுகினாள். தண்ணீர் அடங்கியது. பிறகு சற்றுத் தள்ளி, வெயில் விழுந்த இடத்தில் தலையைத் தூக்கி எழுந்தாள். முடி முகத்தோடு ஒட்டியிருந்தது. மூச்சை இழுத்துவிட்டுச் சிரித்தாள். கையை வீசி நீந்தி எதிர்ப்பக்கம் ஏறி, புடவையைப் பிழிந்தாள். திரும்பியே பார்க்காமல் கரைமேல் நடந்து போனாள்.

அன்று ஸ்டுடியோவில் அதைப் போட்டுப் பார்த்தேன். சார், நான் பொய் சொல்ல மாட்டேன். அது நன்றாக இருந்தது. நாவலின் முடிவைவிட நன்றாக இருந்தது. இதைப் பார்த்த யாரும் வேறொன்றை எடுக்க மாட்டார்கள். என்ன செய்தும் எனக்கு அழுகை வரவில்லை. அவள் நடந்து போய்க்கொண்டே இருந்தாள். கரையில் நின்றவன் யாருக்கும் தேவைப்படவில்லை. படம் இப்படி வந்துவிட்டால் நாளைக்கு நாவலைக் கையில் எடுக்கிறவனுக்கும் இதுதான் ஞாபகம் வரும். அவ்வளவு பெரிய புத்தகம் வீணாகிவிடும். யாராவது அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

வசந்த்குமாருக்கு எதையும் அனுப்பவில்லை. வெளிச்சம் சரியில்லை, மூழ்கும் காட்சியை மட்டும் இன்னொரு நாள் எடுக்கலாம் என்று சோபியாவிடம் சொன்னேன். ஜெனிஃபருக்குத் தையல் ஆர்டர் இருந்த நாளாகப் பார்த்துக்கொண்டேன். அதை நான் மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

சோபியா புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தாள். கன்னியம்மா காலத்து மாதிரிக் கை வைத்து அக்கா தைத்துக் கொடுத்தது என்று காட்டினாள். அன்றைக்கு மதிய ஷிப்ட் அவளுக்கு.

"ஒரே டேக்ல முடிச்சிடலாம்ணா. பஸ்ஸ உட்டா அப்புறம் பேஜாராப் பூடும்," என்றாள்.

"முடிச்சிடலாம்மா," என்றேன்.

கயிற்றை நான் கட்டினேன். எங்கள் வீட்டில் மாடு இருந்தது, சின்ன வயதிலிருந்தே எனக்கு முடிச்சு போடத் தெரியும். நனைந்தால் இறுகுகிற முடிச்சு ஒன்று உண்டு. இழுப்பதற்கு வாகாக ஒரு நுனியைத் தொங்கவிட்டேன். அதை இழுத்தால் எதுவும் அவிழாது, இன்னும் இறுகும். அவள் கரையில் இழுத்துப் பார்க்கவில்லை. நான் கட்டியதால் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கற்களும் கொஞ்சம் கூடுதல். அவள் கேட்டதற்கு, மடி பாரமாகத் தெரிந்தால்தான் நடை சரியாக வரும் என்றேன். அதுவும் உண்மைதான், நடை சரியாக வந்தது.

எனக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஊரில் தெரியாது என்று சொல்லிவைத்தேன்.

அவள் போன பிறகு கொஞ்ச நேரம் தண்ணீரையே எடுத்துக்கொண்டிருந்தேன். அலை அடங்கி, அந்தப் பக்கத்துப் பனைமரங்களின் நிழல் தண்ணீரில் மறுபடி நேராக நிற்கும் வரைக்கும். நாவலில் அப்படித்தான் இருக்கிறது. பிறகு கேமராவைப் பையில் வைத்தேன், மெமரி கார்டை மாற்றினேன், ஊர்ப்பக்கம் ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன். பேட்டரி எடுக்க வண்டிக்குப் போயிருந்தேன், அதற்குள் அவளே கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒத்திகை பார்க்க இறங்கிவிட்டாள் என்று சொன்னேன். தீயணைப்பு வண்டி வந்தது. நீங்களும் வந்தீர்கள். நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை, படித்தவன், அழுகிறான் என்று நம்பினார்கள். நான் நிஜமாகவே அழுதேன். முதல் முறை படித்தபோது வந்த அதே அழுகை.

கல்லறைத் தோட்டத்தில் ஜெனிஃபர் என்னிடம் வந்தாள். "அவளுக்கு அந்த முடிச்சிப் போடத் தெரியாதேண்ணா," என்றாள். நான் அவள் தலையைத் தொட்டு ஆறுதல் சொன்னேன்.

கொஞ்ச காலம் போனதும் அந்தக் காட்சியைக் குழுவில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் யாரும் பார்க்காமல் அது கார்டிலேயே கிடந்தால் எதற்காக எடுத்தது? முதல் நாள் ஒத்திகை, சோபியாவின் நினைவாக, என்று எழுதினேன். இரவுக்குள் வேறு குழுக்களுக்கும் போய்விட்டது. இதுபோல நடிப்பைப் பார்த்ததே இல்லை என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். கேரளத்துப் பெண் என்று இத்தனை நாள் சொன்னதற்குத் தாமோதரன் மன்னிப்புக் கேட்டார். ஐசக் வாத்தியார் மட்டும் எதுவும் எழுதாமல் குழுவை விட்டுப் போய்விட்டார். வசந்த்குமார் போன் செய்தார். இயக்குநர் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். முடிவை மாற்றப்போவதில்லை என்று தீர்மானித்துவிட்டார்களாம். படத்தைச் சோபியாவுக்குச் சமர்ப்பணம் செய்யலாம் என்றும் பேச்சு இருக்கிறது.

அதற்கு மறுநாள் ஜெனிஃபர் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கத்தவில்லை, உட்காரவும் இல்லை. போனில் அந்தக் காட்சியை நிறுத்திவைத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்த ஜாக்கெட்டு மொத நாளு தச்சே முடிக்கலண்ணா. அவ செத்த அன்னிக்குத் தான் போட்டுகினு போனா. அப்போ நீங்க அங்கதான் நின்னுகினு இருந்தீங்க."

அவள் போனை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. படித்திருந்தால் அவளுக்கும் புரிந்திருக்கும்.

ஆமாம் சார், நான்தான் கொன்றேன். தெரிந்துதான் கட்டினேன், பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இதில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

அந்தக் காட்சியில் ஏன் சத்தம் இல்லை என்று கேட்டீர்கள். முதலில் இருந்தது. அவள் இரண்டு முறை மேலே வந்தாள். முதல் முறை நுனியை இழுத்துப் பார்த்து அவிழாமல், சிரிப்பதா வேண்டாமா என்பது போல என்னைப் பார்த்தாள். இரண்டாம் முறை வாய் மட்டும்தான் மேலே வந்தது. அண்ணா என்று கூப்பிட்டாள். நாவலில் கன்னியம்மா யாரையும் கூப்பிடுவதில்லை. அதனால் சத்தத்தை நீக்கிவிட்டேன். மற்றபடி நான் எதையும் மாற்றவில்லை.