திருநீறு போட்டுத் தேய்த்த காசு

வெள்ளிச் சாமான் துலக்கத் திருநீற்றை மிஞ்சியது எதுவும் இல்லை, சார். குத்துவிளக்கோ குங்குமச்சிமிழோ, ஈரத்துணியில் கொஞ்சம் தொட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் காசைத் தேய்க்கக் கூடாது.

என்னிடம் இருந்தது சுதந்திரப் பொன்விழாவுக்கு 1997இல் வெளியிட்ட ஐம்பது ரூபாய் வெள்ளிக்காசு. பம்பாய்க்குப் பணம் கட்டி வரவழைத்தது. புழக்கத்துக்கு விடாத காசு. அதில் முகம் பார்க்கலாம். ஓரத்தில் மட்டும் லேசாகக் கறுத்திருக்கும். அது வெள்ளியின் வயது, தொடக்கூடாது. இருபத்தெட்டு வருஷமாக விரல் படாமல் வைத்திருந்தேன். கையுறை மாட்டி, விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பேன். திண்டிவனத்தில் காசு பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆகஸ்ட் பதினைந்து காலையில் என் மனைவி செண்பகம் அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பெட்டிச் சாவியை மறந்து வைத்தது என் தப்பு.

"ஏங்க, இத்தப் பாருங்க. கறுத்துப்போயி கெடந்துச்சு. திருவாமாத்தூர் துன்னூறு போட்டுத் தேச்சிக்கினு வந்தேன். கொடி ஏத்தற நாளு, உங்க காசும் ஜொலிக்கட்டுமே."

குனிந்து பார்த்தேன். என் முகம் தெரியவில்லை. காசு முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கீறல். நான் திட்டவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் அவள்மேல் கை நீட்டியதில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். "நல்லா இருக்கு" என்றேன். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அவளுக்கு வீசிங் உண்டு. வாயில் வைத்து இழுக்கும் பஃப் எப்போதும் தலையணைப் பக்கம் இருக்கும். மூன்றாம் நாள் காலை அதை எடுத்துக் காசுப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மதியம் மல்லாட்டையை உடைத்துக் கடலையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தூசியில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"பஃப்பக் காணோங்க... ஜல்தியாத் தேடுங்க."

தேடினேன். கட்டிலுக்கு அடியில், அலமாரியில், அடுப்பங்கரையில். நிதானமாகத்தான் தேடினேன். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். என் சட்டையைப் பிடித்திருந்த கை தளர அரை மணி நேரம் ஆயிற்று. சாவி அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது.

நெற்றியில் வைக்க அவள் தங்கை கலையரசி ஒரு ரூபாய்க் காசு கேட்டாள். நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த பஃப்பை அவள் பார்த்துவிட்டாள். அதனால்தான் நீங்கள் விழுப்புரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே ஒன்று. ஊரில் எல்லாரும் பெண்டாட்டி நெற்றியில் ஒரு ரூபாய்தான் வைப்பார்கள். நான் வெள்ளி வைத்தேன், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.