வெட்டு மேசையில் மூன்று கைக்குட்டைகள்

என் பெயரும் வீட்டு எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் உள்ளன. வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் வசிக்கிறோம். என் அம்மா, பெண்கள் உடை தைக்கும் கடை ஒன்றில் கொக்கி, பொத்தான் வைத்து ஓரம் தைக்கும் வேலையை ஆறு ஆண்டுகளாகச் செய்து வருகிறார். நான் சொல்லச் சொல்லத் தாம் எழுதிக்கொள்வதாகக் காவல் உதவி ஆய்வாளர் கூறினார். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று சொல்லி, அவருடைய அனுமதியோடு நானே எழுதுகிறேன். பெண் காவலர் என் அருகில் அமர்ந்திருக்கிறார்.

இன்று மாலை நான்கு இருபதுக்குப் பள்ளியிலிருந்து நேராகக் கடைக்குச் சென்றேன். தினமும் அங்கே துணிக்கட்டுகளின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் முடித்துவிட்டு அம்மாவோடு வீடு திரும்புவது வழக்கம். இன்று நான் நுழைந்தபோது நான்கு தையல் இயந்திரங்களும் நின்றிருந்தன. அம்மா வெட்டு மேசையின் ஓரத்தில் நின்றார். அவருடைய பை கவிழ்க்கப்பட்டு, சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, பேருந்து அட்டை, லேபிள் இல்லாத சிறிய பிளாஸ்டிக் ஸ்ப்ரே பாட்டில் ஆகியவை மேசைமேல் கிடந்தன. விரலில் மாட்டும் தையல் உறையை அம்மா இன்னும் கழற்றியிருக்கவில்லை. உதவி ஆய்வாளரும் பெண் காவலரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

கடை உரிமையாளரான அம்மையார், தமது வெளிநாட்டு சென்ட் பாட்டில் மதியத்திலிருந்து காணவில்லை என்றும், என் அம்மா அதைத் திருடி, இந்தச் சிறிய பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, பெரிய பாட்டிலை எங்கோ மறைத்துவிட்டார் என்றும் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். "கிட்ட வந்து மோந்து பாருங்க சார், என் சென்ட்டேதான். இவ வாங்குற சம்பளத்துக்கு இந்த வாசனை எங்கிருந்து வரும்?" என்றார். நான்கு தையல்காரர்களும் அளவு கொடுக்க வந்திருந்த இரண்டு பெண்களும் அதைக் கேட்டார்கள். அம்மா, "அது சூப்பர் மார்க்கெட்ல வாங்கினது மேடம்" என்று மட்டும் சொன்னார். அது அவர் மூன்றாவது தடவை சொன்னது என்று மூத்த தையல்காரரான மாஸ்டர் பிறகு என்னிடம் கூறினார்.

அதன் பின் நான் உதவி ஆய்வாளரிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அம்மா வாங்கும் சென்ட், எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் சோப்புகளுக்கும் ஷாம்புகளுக்கும் நடுவே கீழ்த்தட்டில் நீல மூடியோடு இருக்கும். இரண்டு ஆண்டுகளாக அதைத்தான் வாங்குகிறோம். கண்ணாடி பாட்டில் பேருந்து நெரிசலில் உடைந்துவிடும் என்பதால் பாதியை அம்மா சிறிய பாட்டிலுக்கு மாற்றி எடுத்துச் செல்வார், மீதிப் பாதி கண்ணாடி பாட்டிலோடு வீட்டில் எனக்கு. முதலில் ஆரஞ்சுத் தோல் போலவும், பிறகு வெள்ளைப் பூ போலவும், சாயங்காலம் மடித்து வைத்த துணி போலவும் மணக்கும். உரிமையாளர் அவருடைய சென்ட்டை வாங்கி ஐந்து வாரங்களே ஆகின்றன. அதற்கு முன்பும் அம்மா இதே வாசனையோடுதான் வேலைக்கு வந்தார்.

உதவி ஆய்வாளர், "நீ அவங்க பொண்ணும்மா, அம்மாவுக்காகத்தான் பேசுவ" என்றார். அவர் சொன்னது நியாயமே. வேறு அத்தாட்சி வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. உரிமையாளரிடம் இருந்த ஆதாரம் வாசனை ஒன்றுதான். ஆகவே அதைச் சோதிக்கலாம் என்று நினைத்தேன்.

நான் கேட்டதன்பேரில் உரிமையாளர், இன்று காலை எட்டு மணிக்குத் தமது சென்ட்டைக் கைக்குட்டையில் அடித்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். என் கைக்குட்டையிலும் இன்று காலை ஏழே முக்காலுக்கு எங்கள் சென்ட்டை அடித்திருந்தேன். இப்போது அடித்ததையும் காலையில் அடித்ததையும் ஒப்பிட்டால் முடிவு தவறாகும், இந்த இரண்டு கைக்குட்டைகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடித்தது என்பதால் ஒப்பிடலாம் என்று உதவி ஆய்வாளரிடம் விளக்கினேன். அவர் சம்மதித்தார். பெண் காவலர் தம் கைக்குட்டையையும் மூன்றாவதாகச் சேர்த்தார். உரிமையாளர், "தாராளமா வைங்க, தூக்கத்துல மோந்தாக்கூட என் சென்ட்டை நான் கண்டுபிடிப்பேன்" என்று சொல்லித் தாமே ஒரு துண்டுத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

அதன் பின் பெண் காவலர் மூன்றையும் ஒவ்வொன்றாக அவருடைய மூக்கருகே பிடித்தார். முதலாவதை மோந்து, "இது தலைவலித் தைலம்" என்றார். அது பெண் காவலருடையது, சரியான பதில். இரண்டாவதை மோந்து முகம் மலர்ந்து, "இதுதான் சார் என்னோடது! பார்த்தீங்களா, காசு கொடுத்தா அந்த மணமே தனி" என்றார். மூன்றாவதை மோந்து முகத்தைச் சுளித்து, "இது அவளோட மலிவுச் சரக்கு. தரை துடைக்கிற தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.

உதவி ஆய்வாளர் கண்கட்டை அவிழ்க்கச் சொன்னார். உரிமையாளர் தம்முடையது என்று சொன்ன இரண்டாவது, என் கைக்குட்டை, அதில் பேனா மைக் கறை இருந்தது. தரை துடைக்கிற தண்ணீர் என்று அவர் சொன்ன மூன்றாவது, மூலையில் பூ வேலை செய்த அவருடைய சொந்தக் கைக்குட்டை. மாஸ்டருக்கு இருமல் வந்தது. பெண் காவலர் தரையைப் பார்த்துக்கொண்டார். இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

ஆனாலும் பாட்டில் காணாமல் போனது உண்மைதான் என்று உதவி ஆய்வாளர் கூறினார். அதன் பின் நான் அந்தக் கடையின் ஒரு வழக்கத்தை அவருக்குச் சொன்னேன். இயந்திர எண்ணெய் வாடையும் இஸ்திரி ஆவி வாடையும் போவதற்காக, தைத்து முடித்த ஒவ்வொரு உடையின் கழுத்துப்பட்டிக்குள்ளும் உரிமையாளர் ஒரு முறை தமது சென்ட்டை அடித்து, மடித்து, துணிப்பையில் வைத்துக் கட்டிக் கொடுப்பார். அந்தப் பாட்டிலை வேறு யாரும் தொடக்கூடாது. அடித்த கையோடு அவர் பாட்டிலை மடித்த துணியின் மேலேயே வைத்துவிட்டு அடுத்த உடையை எடுப்பதைத் துணிக்கட்டின் மேலிருந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மதியம் கடைசியாக யாருக்குக் கட்டிக் கொடுத்தார் என்று விசாரிக்குமாறு கேட்டுக்கொண்டேன். வங்கி அதிகாரி ஒருவருடைய மூன்று உடைகள் என்று மாஸ்டர் உடனே சொன்னார்.

உதவி ஆய்வாளர் அந்த வங்கி அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து எல்லோரும் கேட்கும்படி வைத்தார். அவர் சொன்னது: "ஆமா சார், சென்ட் பாட்டில் ரெண்டாவது உடைக்கும் மூணாவது உடைக்கும் நடுவுல இருந்துச்சு. பழைய வாடிக்கையாளர்னு பரிசா வச்சிருக்காங்க, எவ்வளவு நல்ல மனசுன்னு நினைச்சேன். என் பொண்ணுங்க ரெண்டு பேரும் அடிச்சுப் பார்த்துட்டாங்க, கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ஏன் சார், நான் நன்றி சொல்லலைன்னு போலீஸ்ல சொல்லிட்டாங்களா?"

அதன் பின் உரிமையாளர் உதவி ஆய்வாளரிடம், புகாரை விட்டுவிடலாம், அவசரத்தில் நடந்துவிட்டது என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, அம்மாவைத் தனியே உள்ளறைக்கு வரும்படி அழைத்தார். அம்மா நகரவில்லை. கொட்டிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தார். பிறகு, "உள்ளே எதுக்கு மேடம்? இத்தனை பேர் முன்னாடி திருடின்னு சொன்னீங்க. இத்தனை பேர் முன்னாடியே இல்லன்னு சொல்லுங்க. அது போதும்" என்றார். அம்மா அந்தக் கடையில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

உரிமையாளர் வாடிக்கையாளர்களைப் பார்த்தார், உதவி ஆய்வாளரைப் பார்த்தார். "அவங்க எடுக்கல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். "கொஞ்சம் சத்தமா, மேடம். இங்க மெஷின் ஓடி ஓடி எங்க காது மந்தம்" என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டார். உரிமையாளர் இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னார். சிரித்த அந்த வாடிக்கையாளர், நீல மூடி எந்தத் தட்டில் இருக்கும் என்று என் அம்மாவிடம் விசாரித்தார். மற்றவர் அதைத் தம் கைபேசியில் குறித்துக்கொண்டார். நாளை வழக்கம்போல் பத்து மணிக்கு வருவதாக அம்மா மாஸ்டரிடம் சொன்னார், உரிமையாளரிடம் சொல்லவில்லை.

பிறகு புகாரை முறைப்படி முடிப்பதற்காக நாங்கள் அனைவரும் காவல் நிலையத்துக்கு வந்தோம். நான் உட்கார்ந்திருக்கும் மேசையிலேயே, படிவத்தில் அம்மாவின் பெயருக்கு முன் எழுதியிருந்த, குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும் 'எதிரி' என்ற சொல்லை உதவி ஆய்வாளர் குறுக்கே அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். ஒரு கோடு போதாது என்று தோன்றியதால் இன்னொரு கோடு போடும்படி கேட்டேன். போட்டார். இப்போது அந்தச் சொல்லைப் படிக்க முடியவில்லை.

மேலே எழுதியவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் ஆகும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாருக்கும் பயந்து எழுதவில்லை. இரண்டு முறை வாசித்துச் சரிபார்த்து, அம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றார்.

(ஒப்பம்)
சாட்சி, மாணவி