பெட்டியில் குட்டிகள் இல்லை

மண்புழுவை நறுக்குவதற்கு முன்பு கத்தரிக்கோலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் புழு ஒட்டாது. என் அக்கா ஸ்லாவ்கா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அவள் சொன்னது எதுவும் தப்பாகப் போனதில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன் டாக்டர்.

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். புதன்கிழமை அவளைப் பூட்டுப்போட்ட பிரிவுக்கு மாற்றப்போவதாக நர்ஸ் சொன்னார். போன இலையுதிர்காலத்தில் அவளைப் பற்றி நீங்கள் என்னிடம் பல கேள்விகள் கேட்டீர்கள். அதில் ஒன்றுக்கு நான் சொன்ன பதில் பொய். அந்த ஒன்றை வைத்துத்தான் அவளை இங்கே சேர்க்க நீங்கள் முடிவெடுத்தீர்கள் என்று நினைக்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். கோவிலில் ஞாயிறு வழிபாட்டுக்குப் பாடுகிறவன் நான்தான். என் மனைவி இறந்த பிறகு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த ஆர்போர்க் ஊரில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் அவள். ஓய்வு பெற்ற பிறகு விஷமில்லாத இரண்டு கார்ட்டர் பாம்புகளை வளர்த்தாள். இரண்டும் பெண். பெரியது பாவ்லினா, சின்னது ஹானியா. வசந்தத்தில் பக்கத்து நார்சிஸ் ஊர்க் குழிகளில் பாம்புகள் ஆயிரக்கணக்கில் நெளிகிறதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வருகிறார்களே, அதே ஜாதிதான். ஆனால் இவை இரண்டும் வின்னிபெக்கில் ஒருவர் வீட்டுப் பெட்டியில் பிறந்தவை. ஆண் பாம்பின் வாசனையே அறியாதவை.

நான் தொலைக்காட்சி பார்க்கும் நேரமெல்லாம் அவள் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்கு வரிசையில் காத்திருந்தாள். கோடும் நிறமும் அவளுக்குச் சரியாகத் தெரியாது, நடத்தையை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள். மூடியைத் திறந்தால் பாவ்லினா முதலில் வருவாள், அக்காவின் கட்டைவிரல் மேல் தாடையை வைப்பாள். ஹானியா பயந்தாங்கொள்ளி. பாவ்லினா எந்த மரப்பட்டைக்கு அடியில் போகிறாளோ அதற்கு அடியில்தான் அவளும் போவாள். பெட்டியில் எத்தனை இடம் இருந்தாலும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சுருண்டுதான் கிடக்கும்.

"பாம்புக்கும் சிநேகிதம் உண்டுடா ஓரெஸ்ட். உனக்குத்தான் இல்ல," என்பாள்.

"நான் பாடினா அதுங்க தலையைத் தூக்குதே அக்கா?"

"அதுங்களுக்குக் காது கிடையாது. கொடுத்து வச்சதுங்க."

இப்படித்தான் பேசிக்கொள்வோம். சின்ன வயதிலிருந்தே அவள் கெட்டிக்காரி, நான் குரல் மட்டும் உள்ளவன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நீங்கள் கேள்வி கேட்டதற்கு முந்தின வருஷம் அக்டோபரில் இடுப்பு எலும்பு மாற்ற அவள் வின்னிபெக் போனாள். பாம்புகளைக் குளிர்காலத் தூக்கத்துக்கு நிலவறையில் வைக்கும் வேலை என்னுடையது. உருளைக்கிழங்கும் உப்பில் ஊறவைத்த முட்டைக்கோஸ் ஜாடிகளும் இருக்கும் அறை அது. ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் செய்தாள்.

"தீனியை நிறுத்திட்டியா? வயித்துல இரையோட குளிருக்குள்ள போனா செரிக்காது, உள்ளயே அழுகிடும். கெஞ்சுற மாதிரி பாக்கும், ஏமாந்துடாத."

"நிறுத்தியாச்சு அக்கா."

நிறுத்தத்தான் செய்தேன். ஆனால் கீழே கொண்டுபோக வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை பாவ்லினா கண்ணாடியில் மூக்கை வைத்து என்னையே பார்த்தாள். அதுவரை அவள் என்னை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. தூண்டில் கடையில் வாங்கிய புழுக்கள் டப்பாவில் மிச்சம் இருந்தன. கத்தரிக்கோலை நனைத்தேன். ஹானியா வெளியே வரவில்லை. எல்லாவற்றையும் பாவ்லினாவே தின்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முட்டைக்கோஸ் எடுக்கப் போனபோது பாவ்லினா வயிறு உப்பிச் செத்துக்கிடந்தாள். அடுப்பில் போட்டு எரித்தேன். மேலே வந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த அக்கா கேட்டாள், "ரெண்டும் நல்லாத் தூங்குதா?" அவளால் நிலவறைப் படிக்கட்டில் இறங்க முடியாது. தூங்குகிறது என்றேன். அன்றே சொல்லியிருந்தால் ஒரு வாரம் திட்டியிருப்பாள், அப்புறம் மன்னித்திருப்பாள். அவளுக்கு வருத்தம் வேண்டாமே என்று மறைத்ததாக என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் திட்டுக்குத்தான் பயந்தேன். எழுபது வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் நார்சிஸுக்குப் போனேன். அங்கே பிடிப்பதற்குத் தடை இருக்கிறது, தெரியும். அன்று மழை, காவலுக்கு யாரும் இல்லை. ஆண் பாம்புகள் பந்து மாதிரி மொய்த்துக்கொண்டிருந்த ஒரு குவியலுக்கு நடுவிலிருந்து பெரிய பெண் பாம்பு ஒன்றை உருவி எடுத்துக் கோணியில் போட்டேன். பாவ்லினாவின் அளவுதான். ஒரே ஒரு வித்தியாசம், பாவ்லினாவுக்கு வால் நுனி கிடையாது. குட்டியாக இருந்தபோதே மூடியில் நசுங்கி அறுந்துபோனது. கண் மங்கிய அக்கா அதைத் தடவிப் பார்ப்பாள். அதனால் கார் ஷெட்டில் வைத்து, அதே கத்தரிக்கோலால், அந்தப் பாம்பின் வாலையும் நறுக்கினேன். புழுவைவிடக் கொஞ்சம் கெட்டி. கத்தரிக்கோலை நனைத்துக்கொண்டேன், வழக்கம் விடவில்லை. புண் ஆறும்வரை வாளியில் வைத்துக்கொண்டு, இன்னும் குளிர் போகவில்லை, அவை தூங்கட்டும் என்று அக்காவிடம் சாக்குச் சொன்னேன்.

மே மாதம் இரண்டையும் பெட்டியில் விட்டேன். அக்கா ஆசையாகக் கையை நீட்டினாள். புதியது வெருண்டு ஓடி, அவள் கை முழுக்க நாற்றத்தைப் பீய்ச்சிவிட்டது.

அக்கா கையை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பிறகு, "இவ பாவ்லினா இல்ல," என்றாள்.

"வாலைத் தொட்டுப் பாரு அக்கா." நானே அவள் விரலைப் பிடித்து அந்த மொட்டை வாலில் வைத்தேன்.

"வால் அவளுதுதான்," என்றாள். "ஆனா அவ இல்ல."

"குளிர்ல மறந்திருக்கும்."

"இவ என்னை மறந்தா சரி. ஹானியாவும் சேர்ந்து இவளை மறந்துட்டாளா? பாரு, எட்டிப் போய்ப் படுக்குறா."

அது உண்மை. ஹானியா பெட்டியின் மறுமூலைக்கு ஒதுங்கிவிட்டாள். அக்கா அதோடு விடவில்லை. பாவ்லினா முந்தின வருஷம் உரித்த சட்டையை ஒரு மிட்டாய்ப் பெட்டியில் வைத்திருந்தாள். அதை எடுத்து ஒரு பக்கம் போட்டாள், புதிய பாம்பு இன்னொரு பக்கம் கிடந்தது. ஹானியா நாக்கை நீட்டி நீட்டி ஊர்ந்துபோய் அந்தச் சட்டையின் மேல் சுருண்டுகொண்டாள்.

"பாத்தியா?" அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவ்லினா எங்கடா?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. நான் என்ன செய்தேனென்றால், வார நாளில் அவள் மட்டும் கோவிலுக்குப் போயிருந்தபோது அந்தச் சட்டையை அடுப்பில் போட்டேன். அவள் தேடினாள். "எந்தச் சட்டை அக்கா? நீ எதையும் எடுத்து வைக்கலையே," என்றேன். அவள் மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து மூடினாள், மறுபடியும் திறந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, "நீயே சொல்லு ஓரெஸ்ட், நான் எடுத்து வைக்கலையா?" என்று என்னைக் கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது டாக்டர். நான் சொல்ல வந்ததிலேயே கேவலமானது இதுதான் என்று நினைக்கிறேன். எழுபது வருஷம் அவள் சொல்ல நான் கேட்டேன். அன்று நான் சொல்ல அவள் கேட்டாள்.

மளிகைக் கடையில் பிரெண்டா இருக்கிறாளே, அக்காவிடம் படித்தவள். அவளிடம் பேச்சோடு பேச்சாக, அக்காவுக்கு அவள் வளர்த்த பாம்பே அடையாளம் தெரியவில்லை என்றேன். அடுத்த வாரம் அக்கா மாவு வாங்கப் போனபோது பிரெண்டா காது கேளாதவரிடம் பேசுவது போலக் கத்திப் பேசினாள்.

"டீச்சர்! இது மைதா! மைதா வேணுமா டீச்சர்?"

"எனக்குக் கண்ணுதான்டி மங்கல்," என்றாள் அக்கா. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பாசமாகத்தான் சிரித்தார்கள். 

இனி ஆகஸ்ட் மாதம். ஆண் பாம்புகள் மொய்த்த குவியலிலிருந்து உருவிய பாம்பு அது. கார்ட்டர் பாம்பு முட்டை இடாது, குட்டிதான் போடும். எனக்கு இது தோன்றியே இருக்கவில்லை. அக்காவாக இருந்தால் முதல் நாளே கணக்குப் போட்டிருப்பாள். ஒருநாள் காலை நான் தோட்டத்தில் வெந்தயக்கீரை பறித்துக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து கத்தினாள்.

"ஓரெஸ்ட்! ஓடி வாடா! குட்டிங்க! பெட்டி முழுக்கக் குட்டிங்க!"

போய்ப் பார்த்தேன். பென்சில் கனத்தில் பெட்டி எங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் உள்ளங்கையில் ஒன்று. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாவ்லினா ஆம்பளையப் பாத்ததே இல்ல. இவ எப்படிடா குட்டி போட்டா? நான் சொன்னேன்ல, இவ வேற. எனக்குப் பைத்தியம் இல்லடா. நீயே பாரு, எனக்குப் பைத்தியம் இல்ல."

நான் அவள் கையிலிருந்த குட்டியை வாங்கிக்கொண்டேன். "என்ன அக்கா கையில? ஒண்ணும் இல்லையே," என்றேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. பெட்டியை வெளிச்சத்தில் பார்த்து வருகிறேன் என்று பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். குட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மழைநீர்ப் பீப்பாயில் போட்டு மூடியின் மேல் கல்லை வைத்தேன். அவை நன்றாக நீந்தக்கூடியவை. அதனால் நேரம் பிடித்தது. பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் இரண்டு கையாலும் மண்ணைக் கிளறிக் கிளறித் தேடினாள். நான் பக்கத்தில் நின்று அவள் தோளைத் தடவிக்கொடுத்தேன்.

பிறகு உங்களிடம் கூட்டிவந்தேன். சட்டை தொலைந்ததையும் பாம்பை அடையாளம் தெரியாததையும் சொன்னேன். நீங்கள் நிதானமாகத்தான் எழுதிக்கொண்டிருந்தீர்கள். "இல்லாததைப் பார்க்கிறார்களா?" என்று கேட்டீர்கள். "ஆமாம், குட்டிப் பாம்புகளைப் பார்க்கிறாள்," என்றேன். அதற்குப் பிறகுதான் உங்கள் பேனா வேகமாக ஓடியது. அக்கா என் பக்கம் திரும்பினாள், ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. உங்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கோவிலில் பாடுகிறவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

இன்று வந்ததற்குக் காரணம் இரண்டு. போன சனிக்கிழமை போர்ஷ் சூப்புக்கு முட்டைக்கோஸ் எடுக்க நிலவறைக்குப் போனேன். ஜாடிகளுக்குப் பின்னால் சுவர் விரிசலில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. ஆகஸ்டில் என் கையிலிருந்து வழுக்கித் தப்பியது போலிருக்கிறது. அந்தக் குளிரில், யார் உதவியும் இல்லாமல், தூங்கிப் பிழைத்திருக்கிறது.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்தேன். ஜன்னல் ஓரத்தில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதையும் தொடக் கூடாது என்று அவளாகவே பழகிக்கொண்டதாம்.

"நீ சொன்னதுதான் சரிடா," என்றாள். "குட்டி எதுவும் இல்ல. இப்பல்லாம் ஏதாச்சும் கண்ணுல பட்டாலும் நான் வெளிய சொல்றதில்ல."

வெளியே கிளையில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அது இருக்காடா?" என்றாள்.

"இருக்கு அக்கா," என்றேன். அவளிடம் நான் சொன்ன உண்மையில் அதுதான் கடைசி. கார் வரைக்கும் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இதோ, கோட்டுப் பையில் ஜாடி. மூடியில் ஓட்டை போட்டிருக்கிறேன், பயப்பட வேண்டாம், கடிக்காது. வேண்டுமானால் வீட்டுக்கு வந்து மொட்டை வால் பாம்பையும் பாருங்கள். வாலில் கத்தரிக்கோல் போட்ட தழும்பு நேராக இருக்கும், தானாக அறுந்தது அப்படி இருக்காது. ஹானியா இன்னும் மறுமூலையில்தான் கிடக்கிறாள். அக்காவின் புத்தியில் எந்தக் குறையும் இல்லை. அவள் பார்த்தது அத்தனையும் இருந்தது. மாத்திரையை நிறுத்துங்கள், கண் அறுவைக்கு மறுபடி எழுதிக்கொடுங்கள், புதன்கிழமைக்கு முன்பு அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். அவளுடைய அறையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். இந்த ஜாடியை அவளுக்குக் காட்ட வேண்டாம். இந்த வயதில் அவளுக்கு அது பெரிய அதிர்ச்சியாகிவிடும், அவள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். மருந்து வேலை செய்தது, வியாதி குணமாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். நம்புவாள் டாக்டர். இப்போதெல்லாம் நாம் என்ன சொன்னாலும் அவள் நம்புகிறாள்.