மூன்றாவது ஷிப்டு

—தண்ணி பில்லு மட்டும் ஏன் அண்ணி இப்படி எகிறியிருக்கு? இருக்கறது நாலே நாலு டயாலிசிஸ் மெஷின். வார்டுக்குள்ள படகு விடறீங்களா?

—இதைக் கேக்கத்தான் வந்த ஆளை ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உட்கார வெச்சீங்களா தம்பி?

—உங்க டோக்கன் பதினேழு. முன்னாடி பதினாறு பேரு இருந்தாங்க. வீட்லதான் நான் உங்க கொழுந்தன். இங்க நான் நிதித்துறை அதிகாரி, நீங்க வார்டு சிஸ்டர். அண்ணன் பொண்டாட்டின்னு உங்களை முன்னாடி கூப்பிட்டா, வெளியில உட்கார்ந்திருக்கறவங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க.

—தப்பு சொல்லலையே. நானும் சொந்தம் கொண்டாட வரலை. நான் இங்க வந்தது உங்க அண்ணனுக்கே தெரியாது.

—தெரிஞ்சிருந்தா நேத்தே போன் பண்ணி என் உயிரை வாங்கியிருப்பார். சரி, விஷயத்துக்கு வருவோம். ரெண்டு நர்ஸு, ஒரு டெக்னீஷியன், மூணாவது ஷிப்டுக்கு மருந்து, ஃபில்டர் செலவு. இதானே கேக்கறீங்க?

—அதேதான். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலேருந்து வேணும்.

—ஒண்ணாம் தேதியா! கடையில போய் சோப்பு கேக்கற மாதிரி கேக்கறீங்களே! விஷயம் என்னன்னா அண்ணி, இந்த வருஷத்து பட்ஜெட் முடிஞ்சாச்சு. போன வருஷம் ஒரு வார்டு என்ன செலவு பண்ணுச்சோ அது, அதுக்கு மேல ஆறு சதவீதம். எல்லாருக்கும் அப்படித்தான். அதைத் தாண்டி ஒத்தைப் பைசா வேணும்னாலும் தேவை இருக்குன்னு காட்டணும்.

—தேவை இல்லாமலா மூணு பஸ் மாறி வந்திருக்கேன்?

—நீங்க வந்தா ஆச்சா? பேப்பர்ல வரணும். இதோ, உங்க ஆஸ்பத்திரியோட மாச அறிக்கை. டயாலிசிஸ், ரெண்டு ஷிப்டு, இருபத்திநாலு நோயாளிங்க. காத்திருக்கறவங்க ஒருத்தருமில்லை. கேக்கறவனுக்கு நான் என்ன சொல்றது? காத்திருக்கவே ஆள் இல்லாத வார்டுக்கு எதுக்குய்யா இன்னொரு ஷிப்டுன்னு மேல இருக்கறவர் கேப்பாரே.

—கேக்கட்டும். வந்து பார்த்துட்டுக் கேக்கட்டும்.

—அவர் வரமாட்டார். அவர்கிட்ட அறிக்கைதான் வரும். அண்ணி, மறைக்காம சொல்லுங்க. ரெண்டு ஷிப்டுக்கு வர வேண்டியதைப் போல தண்ணி பில்லு ஒன்றரை மடங்கு. குழாய் ஒழுகுதுன்னு வெச்சுக்கலாம். ஆனா மெஷினை சர்வீஸ் பண்றவர் எழுதின கணக்குல, மெஷின் ஓடின மணி நேரமும் அதே ஒன்றரை மடங்கு. மெஷின் தானா ஓடுமா?

—கெட்டிக்காரர்தான் நீங்க.

—அண்ணி.

—மூணாவது ஷிப்டு ஓடிக்கிட்டுதான் இருக்கு தம்பி. மூணு வருஷமா.

—என்னது?

—சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏத்துவோம், ஒன்பதுக்கு முடிப்போம். ஆளுக்கு வாரம் ரெண்டு தடவை.

—நாலு மெஷின், ஆறு நாள்... பன்னிரண்டு பேரா?

—பன்னிரண்டு பேரு.

—யார் அனுமதி கொடுத்தா?

—யாரும் கொடுக்கலை.

—ஐயோ! அண்ணி, தணிக்கைக்காரங்க கண்ணுல பட்டா என்ன ஆகும்னு தெரியுமா? உங்க வேலை போயிடும். சம்பளம் யாரு கொடுக்கறா? ஃபில்டர் எங்கேருந்து வருது? சொல்லுங்க, சொல்லுங்க.

—சம்பளமா? அது யாருக்கு? நானும் இன்னொரு நர்ஸும் பகல் டியூட்டி முடிச்சுட்டு அப்படியே இருந்துடுவோம். டெக்னீஷியன் தம்பியும் இருப்பான். ரத்தத்தைச் சுத்தம் பண்ற அந்த ஃபில்டரு, ஒரே ஆளுக்கு இத்தனை தடவை கழுவி ஏத்தலாம்னு அளவு இருக்கு. பல இடத்துல சரியா கழுவாம பாதியிலேயே தூக்கிப் போட்டுடுவாங்க. இவன் ஒவ்வொண்ணையும் குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி கழுவி, சோதிச்சு, பேரு ஒட்டி வைப்பான். கடைசி தடவை வரைக்கும் வரும். அதுல மிச்சமாகறதுதான் அந்தப் பன்னிரண்டு பேருக்கு.

—சரியாப் போச்சு. மிச்சம் பிடிச்சு, சம்பளம் வாங்காம உழைச்சு, வந்தவங்களை எல்லாம் பார்த்து அனுப்பிட்டு, அறிக்கையில காத்திருக்கறவங்க யாருமில்லைன்னு எழுதறீங்க. இங்க உட்கார்ந்திருக்கற நான் என்ன நினைப்பேன்? அடடா, இந்த வார்டுக்குக் குறையே இல்லை, கொடுத்த காசு தாராளமாப் போதுதுன்னு நினைப்பேன். நினைச்சேன்!

—அப்போ நாங்க ஒழுங்கா நடத்தறதுதான் தப்பா?

—தப்புன்னு யார் சொன்னா? கண்ணுக்குத் தெரியலைங்கறேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. டயாலிசிஸ் வார்டு வாசல்லேருந்து தெருமுனை வரைக்கும் வரிசை. பத்திரிகையில போட்டோ வந்துச்சு. போன பட்ஜெட்ல ரெண்டு மெஷின் கொடுத்தோம்.

—நல்லாயிருக்கு உங்க நியாயம். நான் என் ஆளுங்களைத் தெருவுல நிறுத்தி போட்டோ எடுத்திருக்கணும்.

—கிண்டல் பண்ணாதீங்க அண்ணி. என் பக்கமும் கொஞ்சம் பாருங்க. இந்த மேஜையில இன்னிக்கு மட்டும் இருபத்தியொரு கோரிக்கை. ஒருத்தர் தடுப்பூசி வைக்க ஃப்ரிட்ஜ் கேக்கறார். ஒருத்தர் பிரசவ வார்டுக்கு ஜெனரேட்டர் கேக்கறார், கரண்டு போனா டார்ச் வெளிச்சத்துல பிரசவம் பார்க்கறாங்களாம். மலையில இருக்கற ஊருக்கு ஆம்புலன்ஸ். எல்லாமே நியாயம். இருக்கறதோ ஒரே பானை. யாருக்குக் கொடுக்கறதுன்னு முடிவு பண்றதில்லை என் வேலை, யாருக்கு இல்லைன்னு சொல்றதுதான் என் வேலை. கையில ஏதாவது நம்பர் இல்லாம இல்லைன்னு சொல்லவும் மனசு வராது, கொடுக்கவும் முடியாது.

—எனக்குப் புரியுது தம்பி. சும்மா சொல்லலை, நிஜமாவே புரியுது. நானும் தினம் அதைத்தானே பண்றேன். நாலு மெஷினுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு.

—சரி. மூணு வருஷம் ஓட்டியாச்சு. இப்போ என்ன திடீர்னு?

—டெக்னீஷியன் தம்பிக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? மூணு வருஷமா சாயங்காலத்தை எல்லாம் சும்மா கொடுத்தவன். அந்த நர்ஸு ஏழு மாசம், இனி நிக்க முடியாது. நான் ஒருத்தி, ரெண்டு கை. முப்பதாம் தேதி ராத்திரி ஒன்பது மணியோட மூணாவது ஷிப்டு முடிஞ்சுடும். மறுநாள்லேருந்து பன்னிரண்டு பேரும் அவங்கவங்க முறைக்கு அஞ்சு மணிக்கு வந்து நிப்பாங்க.

—மத்த ரெண்டு ஷிப்டுல புகுத்த முடியாதா?

—இருபத்திநாலு பேருக்கு வாரம் ரெண்டு தடவையே பத்தாது. ஒண்ணாக் குறைச்சா யாருமே உருப்படியா இருக்க மாட்டாங்க. அந்தப் பன்னிரண்டு பேர்ல ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கார். மெஷின்ல படுத்துக்கிட்டே பரீட்சைப் பேப்பர் திருத்துவார். இடது கையில ஊசி, வலது கையில சிவப்புப் பேனா. பக்கத்து மெஷின்ல ஒரு லாரி டிரைவர், பசங்களுக்கு மார்க் போடுங்க சார்னு சிபாரிசு பண்ணிக்கிட்டே இருப்பார். இவங்கள்ல யாரை வர வேண்டாம்னு சொல்லட்டும்?

—சொல்ல வேண்டாம். கேளுங்க, ஒரு வழி இருக்கு. ஒண்ணாம் தேதி ஷிப்டை நிறுத்துங்க. பன்னிரண்டு பேரையும் காத்திருப்போர் பட்டியல்ல ஏத்துங்க. பேரு, வயசு, நோய், டாக்டர் கையெழுத்து. ஆஸ்பத்திரித் தலைவர் மூலமா எனக்கு அனுப்புங்க. நானே தூக்கிட்டுப் போய் துணை பட்ஜெட்ல வெக்கறேன். மூணு மாசத்துல ஆள் போட்டுடலாம்.

—மூணு மாசம்.

—அது ரொம்ப வேகம் அண்ணி. சாதாரணமா வருஷம் ஆகும்.

—இவங்க மெஷின் இல்லாம எத்தனை நாள் தாங்குவாங்கன்னு நினைக்கறீங்க?

—எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன டாக்டரா?

—பத்து நாள். உடம்பு கெட்டியான ஆளுன்னா பதினஞ்சு. கால் வீங்கும், அப்புறம் படுக்க முடியாம உட்கார்ந்துக்கிட்டே மூச்சு வாங்குவாங்க. நான் பார்த்திருக்கேன்.

—சரி, சரி. போதும். இருங்க, யோசிக்க விடுங்க... ஆங்! பழைய கோரிக்கை ஏதாவது இருக்கா? மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்களோ ஆஸ்பத்திரியோ மூணாவது ஷிப்டு வேணும்னு எழுதியிருந்தா, அந்தக் கோப்பை மறுபடி திறக்கலாம். புதுக் கோரிக்கைக்குத்தான் பட்டியல், துணை பட்ஜெட், எல்லா இழவும். பழைய கோப்புன்னா அவசரநிதியிலேருந்து நானே இந்த வாரம் கையெழுத்துப் போடலாம். ஆள் போடற வரைக்கும் ஒப்பந்தத்துல எடுத்துக்கலாம்.

—ஒண்ணு இருக்கும். அதை எடுக்க வேண்டாம் தம்பி.

—ஏன்? அதானே நமக்கு இப்போ தெய்வம்! யோவ் கம்ப்யூட்டரு! கொஞ்சம் இங்க வாய்யா.

—ஐயா.

—இவர்தான் அண்ணி எங்க ரெக்கார்டு கிளார்க். எந்த அலமாரியில எந்தக் கோப்புன்னு மனப்பாடமா சொல்வார், அதனால அந்தப் பேரு. யோவ், இவங்க ஆஸ்பத்திரி, டயாலிசிஸ், கூடுதல் ஷிப்டு. மூணு நாலு வருஷத்துக்கு முன்னாடி.

—இருக்குங்கய்யா. சொல்லப்போனா அம்மா காலையில டோக்கன் வாங்கறப்பவே ஆஸ்பத்திரிப் பேரைப் பார்த்தேன், தேவைப்படும்னு எடுத்துத் தூசி தட்டி வெச்சேன். இந்தாங்கய்யா. ஆனா இது முடிச்சு வெச்ச கோப்புங்கய்யா.

—முடிச்சதா? யாரு முடிச்சா?

—சொல்லப்போனா ஐயாதாங்க. அப்போ நீங்க செக்‌ஷன்ல இருந்தீங்க. கடைசிப் பக்கம் உங்க கையெழுத்துதான்.

—கொடு பார்ப்போம். ம்... ரெண்டாம் மாசம் ஒன்பதாம் தேதி, கோரிக்கை. ரெண்டு நர்ஸு, ஒரு டெக்னீஷியன். அப்படியே இன்னிக்குக் கேக்கற அதேதான்! இணைப்பு, காத்திருப்போர் பட்டியல், பதினாலு பேரு. வயசு, நோய், கையெழுத்து, எல்லாம் சுத்தமா இருக்கு. பாருங்க, இப்படித்தான் இருக்கணும் ஒரு கோரிக்கை. அப்புறம்... பத்தாம் மாசம் இங்கேருந்து ஒரு கடிதம். மேற்படி பதினான்கு பேரின் தற்போதைய நிலையை உறுதிசெய்து அனுப்பவும்.

—ஆமா. வந்துச்சு.

—எட்டு மாசம் ஆகியிருக்கு. அந்த வருஷம் கோப்பெல்லாம் மலை மாதிரி குவிஞ்சு கிடந்துது. பட்டியல் பழசாயிடுச்சுன்னா புதுப்பிக்கச் சொல்லணும், அது வழக்கம்.

—வழக்கம்தான்.

—அதுக்கு நீங்க அனுப்பின பதில்... மேற்படி பட்டியலில் காத்திருப்போர், பூஜ்யம். என்ன அண்ணி இது! பூஜ்யமா? உங்க கையெழுத்துதானே?

—என்னோடதுதான்.

—அதனாலதான் முடிச்சிருக்கேன். தேவை இல்லை எனத் தெரிவதால் கோரிக்கை முடிக்கப்படுகிறது. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி மறுபடி திறக்கறது? பதினாலு பேருக்குப் பத்து பேரு, எட்டு பேருன்னு எழுதியிருந்தாக்கூட அப்பவே கொடுத்திருப்பேனே! எட்டென்ன, அஞ்சு பேருக்கே கொடுத்திருப்பேன். ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?

—தேதி பாருங்க.

—பத்தாம் மாசம் இருபத்திரெண்டு.

—அந்தக் கடிதத்தைத் தபால்ல சேர்த்துட்டு வந்தேன். அன்னிக்குச் சாயங்காலம்தான் மூணாவது ஷிப்டை ஆரம்பிச்சோம்.

—என்னைக் குழப்பாதீங்க. காத்திருக்க ஆளே இல்லைன்னு எழுதிட்டு, அன்னிக்கே எதுக்கு இன்னொரு ஷிப்டு?

—பதினஞ்சாவது ஆளு வந்து பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். அந்த வாத்தியார்தான். அவரையும் பட்டியல்ல எழுத எனக்குத் தைரியம் வரலை.

—ஏன்? மத்தவங்களை எழுதினீங்களே. அந்தப் பதினாலு பேரு என்ன ஆனாங்க?

—உங்க கடிதம் வந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கா போன் போட்டேன். மூணு பேரு வீட்டை வித்துட்டுத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. மத்த பதினோரு பேரும் நீங்க பதில் போடறதுக்குள்ள செத்துட்டாங்க தம்பி. நீங்க கேட்ட பட்டியலைத்தான் நான் சரியா எழுதி அனுப்பினேன்.